எட்டு நிமிஷச் சங்கு

ஜூன் 3, 2023, சனி

மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷம் அது. அந்த வருஷம் தை மாதம் அண்ணா இறந்தார். எங்கள் ஊரிலிருந்து லாரி பிடித்துப் போனவர்கள் மூன்று நாள் கழித்துத் தொண்டை கட்டித் திரும்பினார்கள். ஆடியில் பாங்குகளை சர்க்கார் எடுத்துக்கொண்டது. எங்கள் தெருவில் யாருக்கும் பாங்கில் ஒன்றும் இல்லாததால் ஒருவரும் பதறவில்லை. நிலாவும் அதே ஆடிதான். டீக்கடை ரேடியோவில் சேதி சொன்னபோது, மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் அருளாயி அக்கா சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, "அங்கிட்டாவது குழாயில தண்ணி வருதாமா?" என்று கேட்டாள். கடையே சிரித்தது. கார்த்திகையில் ஆறாவது வார்டுக்கு இடைத்தேர்தல் வந்தது. அருளாயி அக்கா நிற்கப் போவதாகச் சொன்னாள். அப்போதும் கடை சிரித்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த நோட்டின் முதல் பக்கத்தில் 'உங்களால் மறக்க முடியாத ஆண்டு எது?' என்று அச்சடித்திருக்கிறதாம். எனக்கு வருஷம் எண்ணாக வராது, நடந்ததை வைத்துத்தான் வரும். பூரணம் விரல் விட்டு எண்ணி 1969 என்று போட்டுக்கொண்டாள்.

பூரணம் என் மனைவி. எட்டாவது வரை படித்தவள். நான் கைநாட்டு. நான் பேச்சில் சொல்லச் சொல்ல அவள் பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள். பிறர் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"நீங்க பேசுற கெட்ட வார்த்தையுமா?" என்றாள்.

"அதை விட்டுரு."

"அப்ப நோட்டுல பாதி மிச்சம் ஆகும்."

மணலூர்க்கோட்டை நகராட்சிக்கு பைபாஸ் ஓரமாகக் கண்ணாடி வைத்துப் புதுக் கட்டிடம் கட்டிவிட்டார்கள். பழைய செங்கல் கட்டிடத்தை இடிக்க யாருக்கும் நேரமில்லை, ஆகையால் அது வரலாறு ஆகிவிட்டது. நகர வரலாற்று அருங்காட்சியகம். திறப்பு விழா 24ஆம் தேதி. அதற்கு முன்பாக ஊர்க்கிழடுகள் இருபது பேருக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, தினம் நினைவுக்கு வருவதை எழுதி 20ஆம் தேதி திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டின் அட்டையில் முன்னாள் சேர்மன் தர்மராசு கும்பிட்டபடி நிற்கிறார். ஓட்டுக் கேட்கிற பதினைந்து நாள் தவிர அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கட்டிடத்தின் மாடிக் கூண்டில் முப்பத்து மூன்று வருஷம் சங்கு ஊதியவன் நான். வாயால் ஊதுவது அல்ல. சுவிட்சைப் போட்டால் அலறுகிற மோட்டார் சங்கு. காலை ஐந்து, எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு எட்டு. ஊரில் பிறந்த குழந்தை தாயின் குரலுக்கு அடுத்தபடி கேட்டது என் சங்கைத்தான்.

இன்றைக்கு இது போதும் என்கிறாள். கை வலிக்கிறதாம்.


ஜூன் 5, திங்கள்

ரேஷனில் பருப்பு வரவில்லை. போன கால் சும்மா திரும்பக் கூடாது என்று அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். வேலை இன்னும் முடியவில்லை, பெயிண்டு வாடை.

வரி கட்டுகிற ஜன்னலில் இனி டிக்கெட் தருவார்களாம். "சில்லறையா கொண்டாங்க" என்று ஜன்னலுக்கு மேலே இப்போதே எழுதி ஒட்டிவிட்டார்கள் என்று காவலாளி வாசித்துச் சொன்னார். அன்றைக்கும் அந்த ஜன்னலில் அதையேதான் சொல்வார்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கமிஷனர் அறையில் இப்போது முதுமக்கள் தாழி மூன்று வைத்திருக்கிறார்கள். முன்பு அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இவை கையெழுத்துக்கு மாடியேறி அலைய விடுவதில்லை, அவ்வளவுதான்.

காப்பாளர் பெயர் வெற்றிச்செல்வி. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கையில் எப்போதும் அட்டையும் பேனாவும்.

"வாங்கய்யா. சங்கு ஐயாதானே நீங்க? எல்லாத்தையும் பார்த்து, தப்பு இருந்தா சொல்லுங்க."

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நீளமான இரும்பு இடுக்கி. 'யானைப் பாகர்களின் கருவி' என்று வாசித்துக் காட்டினார்.

"யானையை இதுல பிடிச்சா பாகனைத்தாம்மா அந்தத் தாழியில வைக்கணும். இது நாய் பிடிக்கிற இடுக்கி. சுகாதாரப் பிரிவுல கந்தன்னு ஒருத்தர் வச்சிருந்தார். பிடியில ஒரு பல் ஒடைஞ்சிருக்கும் பாருங்க."

பார்த்தார். ஒடிந்திருந்தது. உடனே பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்துவிட்டார். "நேர்ல பார்த்தவங்க வாக்குமூலம்தான்யா எங்களுக்கு ஆதாரம். சொன்னவங்க பேரைப் போட்டு மாத்திருவேன்." அந்தக் கட்டிடத்தில் ஒரு காகிதம் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு கவுன்சில் கூடம். அதற்கு இப்போது சேர்மன் தர்மராசு கூடம் என்று பெயர். '1969இல் ஆறாவது வார்டு மக்கள் இவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தனர்; அங்கிருந்து தொடங்கியது ஒரு பொற்காலம்' என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறதாம். எதிர்ச்சுவரில் 'நம்மூர்ப் பேச்சு' என்று ஒரு பலகை. இந்த ஊருக்கு மட்டும் உள்ள சொற்களாம். ஐந்தாவது சொல்லை அவர் வாசித்தார்.

"'அருளாயி நேரம்: தாமதம். 1969 இடைத்தேர்தலில் அருளாயி என்பவர் வேட்புமனு தாக்கல் செய்ய நேரம் கடந்து வந்ததால் பிறந்த சொல். உதாரணம்: பஸ் இன்று அருளாயி நேரத்துக்கு வந்தது.'"

பக்கத்தில் ஒரு பொம்மைப் படம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் ஓடுகிறாள், முன்னால் கதவு சாத்தியிருக்கிறது. பெயிண்டு அடிக்கிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐம்பது வருஷமாக அந்தச் சொல்லுக்குச் சிரித்துச் சிரித்து வாய் பழகிவிட்டது.

திறப்பு விழாவில் பழைய சங்கை நான்தான் ஊத வேண்டுமாம். சால்வை உண்டாம்.


ஜூன் 6, செவ்வாய்

வயிறு சரியில்லை. கஞ்சி.


ஜூன் 8, வியாழன்

சங்கைப் பற்றி எழுத நான்கு பக்கம் விட்டிருக்கிறார்கள். எழுதச் சொல்கிறேன்.

மாடிக் கூண்டில் ஒரு சுவர்க் கடிகாரம். எழுத்துத் தெரியாதவன் மணி பார்ப்பானா என்று வேலையில் சேரும்போது கேட்டார்கள். மணி பார்க்க எழுத்து எதற்கு? ஐந்து மணிக்கு முள் எப்படி நிற்கும், எட்டுக்கு எப்படி நிற்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். பன்னிரண்டுதான் சுலபம், இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும்.

எங்கள் ஊருக்கு சங்குதான் மணி. மில் ஷிப்டு, பள்ளிக்கூட மணி, கோயில் உச்சிக்கால பூஜை எல்லாம் அதை வைத்துத்தான். கையில் வாட்ச் கட்டியவன் வீதியில் நடந்து போகும்போது சங்கு கேட்டால், நின்று, வாட்சைப் பார்த்து, முள்ளைத் திருகிச் சரிசெய்துகொண்டு போவான். வாட்ச் தப்பாக இருக்கலாம், சங்கு தப்பாக இருக்காது என்பது ஊரின் நம்பிக்கை. வாட்ச் சொந்தக் காசில் வாங்கியது, சங்கு சர்க்கார் கொடுத்தது, அதனால்கூட இருக்கலாம்.

முப்பத்து மூன்று வருஷமும் கடிகாரம் ஓடியபடிதான் ஊதினேன்.

பூரணம் இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். மை தீர்ந்துவிட்டதாம். பால் பாயின்ட் பேனா.


ஜூன் 10, சனி

காப்பாளர் அம்மாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனால் கூடத்து நடுவில் நாற்காலி போட்டு அருளாயி அக்கா உட்கார்ந்திருக்கிறாள். எண்பத்தாறு வயது. நான்கு கால் தடி. பேத்தி கூட வந்திருந்தாள், கல்லூரியில் படிக்கிறவள்.

"வாப்பா சங்கு. இன்னும் சாகலையா நீ?"

"ஒனக்கு முந்திப் போனா ஊர் சிரிக்கும்னு இருக்கேன்க்கா."

"ஊர் என்னைப் பார்த்துச் சிரிச்சது போதாதாக்கும்."

விஷயம் அந்தப் பலகைதான். பேத்தியின் வகுப்பில் வாத்தியாரே தாமதமாக வருகிற பிள்ளைகளை அருளாயி டயம் என்கிறாராம். அந்தப் பெண் ஒன்றும் சொல்வதில்லையாம், யாரும் பாட்டி பெயரைக் கேட்டுவிடக் கூடாது என்று.

"நான் செத்தா பதினாறாம் நாளோட இந்தப் பேச்சும் போயிரும்னு நெனச்சேம்மா," என்றாள் அக்கா காப்பாளரிடம். "நீங்க கண்ணாடி போட்டு மாட்டிட்டீங்க. இனி அது எப்பச் சாகும்? எடுத்துருங்க. நான் லேட்டா வரல."

"அம்மா, எனக்கு எடுக்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா பழைய மினிட்ஸ் புக்குல 'பன்னிரண்டு மணிச் சங்குக்குப் பின் வந்தார்'னு இருக்கு. எங்க அருங்காட்சியகக் குழுத் தலைவர், சேர்மன் பேரன், அதைத்தான் காட்டுறார். அதுக்கு எதிரா நேர்ல இருந்தவங்க யாராவது சொல்லணும்."

"நான் இருந்தேன். பத்து மணிக்கே வந்தவளை, வோட்டர் லிஸ்டுல தாசில்தார் சீல் இல்லைன்னு தொரத்துனான் அந்த நகராட்சி மேனேஜரு. சீலைப் போட்டுக்கிட்டு ஓடியாந்தேன். என் தம்பி ரயில்வேயில இருந்தான், அவன் வாட்சைக் கட்டிட்டு வந்தேன். மைதானத்துல வரும்போது பார்த்தேன், பன்னெண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கு. அப்பச் சங்கு ஊதுச்சு. என்ன செஞ்சேன் தெரியுமா? வாட்சு தப்புன்னு நெனச்சு, ஓடிக்கிட்டே, இந்தா இந்தக் கையால நானே முள்ளைத் திருகிட்டேன். கதவைச் சாத்துனவன்ட்ட காட்டுனேன், அதுலயும் பன்னெண்டு."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஊதுனவன் நீதான. சொல்லு. நான் லேட்டா?"

"எனக்கென்னக்கா தெரியும். கடியாரம் ஓடுச்சு, நான் ஊதுனேன். படிக்காதவன்."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு பேத்தியிடம், "எந்திரிம்மா, போவோம்," என்றாள்.


ஜூன் 11, ஞாயிறு

அக்கா மனு கொடுக்க வந்த அன்றைக்கு நடந்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. நோட்டில் இடம் இருக்கிறது, சொல்லிவைக்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு அஞ்சுக்கு வருகிற பாசஞ்சர் அன்றைக்கு எட்டு நிமிஷம் தாமதம். ஸ்டேஷனில் நின்றவர்கள் ரயில்காரனைத் திட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, வண்டி சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். "ரயில்காரன் என்னைக்குய்யா லேட்டுன்னு ஒத்துக்கிட்டான்!" என்று எல்லாரும் சிரித்தார்கள். அவர் கோபமாக உள்ளே போய்விட்டார்.

ஊர் முழுக்க வாட்சை முன்னால் திருகிவிட்டது. வாட்ச் கடையில் மாட்டியிருந்த பதினான்கு கடிகாரத்தையும் கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறித் திருகினார். மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதியபோது எல்லா வாட்சும் எட்டு நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தன. சரிதான், நம் வாட்ச் கெட்டுவிட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துத் திரும்பவும் பின்னால் திருகினார்கள். அந்த வாரம் வாட்ச் கடையில் நல்ல கூட்டம். எல்லார் வாட்சும் ஒரே நாளில் ஒரே எட்டு நிமிஷத்துக்கு ஏன் கெட்டன என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டிருந்தால் போதும். வாட்ச் கெட்டதைச் சொன்னால் மலிவு வாட்ச் என்று நினைப்பார்களே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆக, ஊரில் நேரம் தெரிந்த ஒரே ஆள் ஸ்டேஷன் மாஸ்டர். அவரைத்தான் எல்லாரும் பொய்யர் என்றார்கள்.


ஜூன் 14, புதன்

சேர்மன் பேரன் குணாளன் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் ஒரு கூடை. ஒவ்வொரு ஆப்பிளுக்கும் வலைச்சட்டை போட்டிருந்தது.

"தாத்தா, எப்படி இருக்கீங்க? அன்னிக்கு நீங்க சங்கு ஊதி முடிச்சதும் மேடையில ரெண்டு வார்த்தை பேசணும். எங்க தாத்தா போட்டியில்லாம ஜெயிச்சதைக் கண்ணால பார்த்தவர் நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

"கண்ணால பார்த்தேன், வாஸ்தவம்."

"அதான். அப்புறம் அந்த அம்மா பலகையை எடுக்கணும்னு மனு கொடுத்திருக்கு. பேப்பருக்குப் போவேன்னு சொல்லுது. மேடம் வேற, நேர்ல இருந்தவங்க சொன்னா மாத்துவேன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க, சங்கு சரியான நேரம்தான்னு. முடிஞ்சு போகும்."

பூரணம் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன பாட்டி, நான் சொல்றது சரிதானே?"

"நான் என்னத்தக் கண்டேன் தம்பி," என்றாள் பூரணம். "நான் வீட்டுல சோறு வடிச்சுக்கிட்டு இருந்தவ."

அவர் போன பிறகு ஆப்பிளை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குச் சர்க்கரையாம். சர்க்கரை எனக்குப் பதினெட்டு வருஷமாக இருக்கிறது. போன மாதம் வரை ஆப்பிள் தந்துகொண்டுதான் இருந்தாள்.


ஜூன் 15, வியாழன்

"பழைய விஷயம் ஏதாவது வெளியில வந்தா பென்ஷனை நிப்பாட்டுவாங்களா?" என்று பூரணத்திடம் கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எந்தப் பழைய விஷயம்?"

"ஏதோ ஒரு விஷயம்."

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லவா? பள்ளிக்கூடத்துல எடைவேளை மணி அடிச்சதும் நான் அரிசியைப் போடுவேன். சங்கு ஊதுனதும் வடிப்பேன். தினம் அதான் கணக்கு, ஒரு நாள் பிசகாது. அன்னைக்குச் சங்குக்கு மூடியைத் திறந்தா அரிசி நறுக்கு நறுக்குன்னு நிக்குது. எதிர் வீட்டுலயும் வேகல. குழாயடியில பேசிக்கிட்டோம், இன்னைக்கு ஒருத்தி வீட்டுலயும் சோறு வேகலைன்னு."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"எங்க தெருவுல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். எங்களை யாரு கேட்டா?"

இவ்வளவு வருஷம் நீ ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவள் கீரையையே ஆய்ந்துகொண்டிருந்தாள். தைப் பொங்கலுக்கு முதல் நாள் வேலை நிரந்தரம் ஆன ஆர்டர் வந்தபோது, நான் அதை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.


ஜூன் 17, சனி

சொல்கிறேன். எழுது.

தேர்தல் மனுவுக்குக் கடைசி நாள் பகல் பன்னிரண்டு வரை. தேர்தல் அதிகாரி வெளியூர்க்காரர், சங்கு ஊதியதும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

முதல் நாளே மேனேஜர் அனந்தநாராயணன் கூண்டுக்கு ஏறி வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அந்தப் படி ஏறியதில்லை, மூச்சு வாங்கியது. "நாளைக்கு நீ கடியாரத்தைப் பார்க்க வேணாம். கீழ வராந்தாவுல நான் கைக்குட்டையை உதறுவேன். உதறுனா ஊது," என்றார். அப்போது கான்ட்ராக்டராக இருந்த தர்மராசுவின் மைத்துனர் பாலகுரு கீழே படியில் நின்று, "தினக்கூலியா எத்தனை வருஷம்பா இருப்ப?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. என்னிடம் யாரும் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. அதைத்தான் இன்று வரை விழுங்க முடியவில்லை.

நான் எழுத்துத் தெரியாதவன் என்று எத்தனை பேரிடம் சொல்லித் தப்பித்திருக்கிறேன்! கடிகாரம் எனக்குத் தெரியும். அந்தக் கூண்டில் அன்று இரண்டு முள்ளுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி இருந்தது. கூண்டின் ஜன்னலில் மைதானம் முழுக்கத் தெரியும். அருளாயி அக்கா வெயிலுக்கு அந்தக் காகிதத்தைத் தலையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நடந்துதான் வந்தாள். அவளுக்கு நேரம் இருந்தது. கீழே கைக்குட்டை ஆடியது.

ஊதினேன். சங்கு கேட்டதும்தான் அவள் ஓட ஆரம்பித்தாள். பலகையில் படம் போட்டிருக்கிறார்களே, அந்த ஓட்டம். ஒரு நிமிஷம் ஊதி நிறுத்தும்போது மூன்றாவது படியில் கால் வைத்திருந்தாள். டவாலி மொய்தீன் கதவைச் சாத்தினார். அவர் நல்ல மனுஷர், சங்கை நம்பினார்.

தர்மராசு போட்டியில்லாமல் ஜெயித்தார். ஆறாவது வார்டில் குழாய் வரப் பதினோரு வருஷம் ஆயிற்று.

பூரணம் எழுதி முடித்து, "இந்தப் பக்கத்தைக் கிழிக்கவா?" என்று கேட்டாள். கிழிக்கச் சொல்வேன் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.


ஜூன் 18, ஞாயிறு

ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த கோடையில் ஆறாவது வார்டில் வாந்திபேதி. கிணற்றுத் தண்ணீர். ஒன்பது நாளில் ஒன்பது பிள்ளைகள் போய்விட்டன. அந்த ஒன்பது நாளும் நான் சரியான நேரத்துக்குத்தான் சங்கு ஊதினேன்.


ஜூன் 19, திங்கள்

அருளாயி அக்கா வீட்டுக்குப் போனேன். பூரணமும் வந்தாள். வீடு என்று பெயர், இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். வாசலில் குழாய் இருக்கிறது. சொட்டிக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்துப் பூரணம் 17ஆம் தேதியை வாசித்தாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேத்தி கதவோரம் நின்றாள். பூரணம் வாசித்து முடித்தாள். நான் காலில் விழக் குனிந்தேன்.

"எந்திரி. விழுந்தா ஒன்னையத் தூக்க இங்க ஆளில்ல."

எழுந்து உட்கார்ந்தேன்.

"நான் நடந்துதான் வந்தேனா?"

"நடந்துதான் வந்தக்கா."

"நான்கூட அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் ஊரே சொல்லவும், நாமதான் எங்கயோ நின்னுட்டமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தாலுகா ஆபீஸ்ல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சேன். அதைக் குடிக்காம வந்திருக்கலாமோன்னு இத்தனை வருஷமா நெனச்சிருக்கேன்டா, பாவி."

தடியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"அம்பத்து மூணு வருஷம் கழிச்சு வர்ற. இப்பச் சொல்லு, யாருடா லேட்டு?"

பேத்தி சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

"மன்னிக்கச் சொல்லி எங்கிட்டக் கேக்காத. எனக்கு இஷ்டமில்ல. நாளைக்கு அந்தம்மாகிட்டப் போயி சொல்லு. 'யாரோ சொன்னாங்க, எப்படியோ நடந்துபோச்சு'ன்னு இழுத்த, இந்தத் தடியாலயே அடிப்பேன். எனக்கு மட்டும் பேரைச் சொல்லித்தான சிரிச்சாங்க? அவங்களுக்கும் பேரைச் சொல்லு. ஒருத்தன் விடாம."

திரும்பும்போது பூரணம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பள்ளமான ரோடு, அதனால்தானாம்.


ஜூன் 20, செவ்வாய்

இதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதுகிறோம். நோட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது காலண்டர் தாளின் பின்பக்கம். நாளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து ஒட்டச் சொல்ல வேண்டும்.

பதினோரு மணிக்குப் போனோம். காப்பாளர் இருந்தார். குணாளன் சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாங்க தாத்தா, மேடம்கிட்ட சொல்லிருங்க."

"சொல்லத்தான் வந்தேன்."

சொன்னேன். காப்பாளர் போனில் பதிவு செய்துகொண்டே எழுதவும் செய்தார். குணாளன் பாதியில் குறுக்கிட்டார்.

"மேடம், நிறுத்துங்க. இவருக்கு எம்பத்திரெண்டு வயசு. நேத்து என்ன சாப்பிட்டார்னு கேளுங்க, சொல்ல மாட்டார்."

"நேத்துக் காலையில கேப்பைக் கூழு, மத்தியானம் முருங்கைக்கீரை, ராத்திரி ரெண்டு இட்லி," என்றேன். "நீங்க போன புதன்கிழமை நீலச் சட்டை. ஆப்பிள் பதினொண்ணு. பன்னெண்டுக்கு ஒண்ணு குறைச்சல்."

"எழுதப் படிக்கத் தெரியாத ஆளு மேடம்!"

"அதனாலதான் தம்பி எதையும் தூக்கிப் போட வழியில்லாமக் கெடக்கு," என்றேன்.

அவர் பூரணம் பக்கம் திரும்பினார். "பாட்டி, நீங்களாவது சொல்லுங்க."

"அன்னைக்குச் சோறு வேகல தம்பி," என்றாள் பூரணம். காப்பாளர் அதையும் எழுதிக்கொண்டார். எதற்கு என்று அவருக்கு முதலில் புரியவில்லை. பூரணம் விளக்கிச் சொன்னதும் அதன் கீழே அழுத்திக் கோடு போட்டார்.

குணாளன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யார் யாருக்கோ பேசினார். திரும்பி வந்து, "சரி, வச்சுக்குவோம். செத்தவங்க மேல பழி போடுறது சுலபம். பதில் சொல்ல யாரு இருக்கா? ஒரு ஆளைக் காட்டச் சொல்லுங்க மேடம், ஒரே ஒரு ஆளு. நானே என் கையால அந்தப் பலகையை எடுக்குறேன்," என்றார்.

காப்பாளர் என்னைப் பார்த்தார். "ஐயா, அவர் கேக்குறது நியாயம்தான். புதுப் பலகையில பேர் போடணும். தெரிஞ்சே செஞ்சவங்க யார் யாரு, இப்ப அவங்க இருக்காங்களான்னு வரிசையாச் சொல்லுங்க. கீழ கைரேகை வேணும். பென்ஷன் விஷயம் நான் கேட்டுச் சொல்றேன், ஆனா உறுதி தர முடியாது."

"எழுதுங்கம்மா," என்றேன்.

யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் கான்ட்ராக்டர் தர்மராசு. பேருந்து நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து இறந்தார். ஊரே மூன்று நாள் கடையடைத்தது, பாதி பேர் பயத்தில்.

சொல்லியனுப்பியது அவர் மைத்துனர் பாலகுரு. பழநி போகும் வழியில் லாரி மோதி, ஊரெல்லாம் சுவரொட்டி.

கைக்குட்டையை உதறியது மேனேஜர் அனந்தநாராயணன். ரிட்டையராகி மகளோடு பெங்களூரில் இருந்து, அங்கேயே காலமானார். செய்தி வந்தபோது நகராட்சியில் இரண்டு நிமிஷம் எழுந்து நின்றோம். நான் கடிகாரத்தைப் பார்த்து நின்றேன், சரியாக இரண்டு நிமிஷம்.

கதவைச் சாத்திய மொய்தீனையும் தேர்தல் அதிகாரியையும் இதில் சேர்க்காதீர்கள். அவர்களுக்குத் தெரியாது, அவர்களும் இல்லை.

கடிகாரத்தில் நேரம் ஆகவில்லை என்று தெரிந்தே சுவிட்சைப் போட்டவன் ஒருத்தன் பாக்கி. சர்க்கரை உண்டு, இடது காது மந்தம், மற்றபடி உயிரோடுதான் இருக்கிறான். பெத்தணன் மகன் முத்திருளாண்டி.